கடலுக்கு எடுத்துப்போன மஞ்சள் தாவணி

என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை என்று சொன்னால், லிந்துலையில் பாதிப் பேர் அவர் கப்பல் ஓட்டுகிறார் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்தப் போவதில்லை. அவர் ஓட்டுவது துணி துவைக்கிற மெஷினைத்தான். வெளிநாட்டுக்காரர்கள் ஏறி ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கிற பெரிய உல்லாசக் கப்பல் அது. அதன் அடித்தட்டில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், நாள் முழுக்கத் துண்டும் படுக்கை விரிப்பும் துவைத்து, உலர்த்தி, மடித்து அடுக்குகிறார். உலகத்தில் எத்தனையோ துறைமுகங்களுக்குப் போய் வந்துவிட்டார். அவற்றில் முக்கால்வாசியை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

ஒரு கொன்ட்ராக்ட் ஒன்பது மாதம். முடிந்தால் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார், பிறகு திரும்பவும் பெட்டியைக் கட்டுவார். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களை நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணினால் கோபம் வரும். எனக்குக் கோபம் வந்தால், அன்றைக்குத் துணி வாங்க வருகிறவர்கள் பாடு கஷ்டம். தலவாக்கலையில் ஒரு முஸ்லிம் நானாவின் புடவைக் கடையில் வேலை செய்கிறேன். நான் மீட்டர் கோலை மேசையில் கொஞ்சம் பலமாக வைத்தாலே முதலாளி நானா தலையைத் தூக்கி, இன்றைக்குக் கடல் கொந்தளிப்போ என்று கேட்பார்.

போன வருடம் மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் அவர் போன் எடுத்தார். அடுத்த மாதம் கப்பல் திருகோணமலைக்கு வருகிறதாம். ஒரு நாள் நிற்குமாம். காலையில் வந்து சாயங்காலம் புறப்படும். நடுவில் நாலு மணி நேரம் கரைக்கு இறங்க அவருக்கு பாஸ் கிடைக்கும். நீ அங்கே வந்துவிடு என்றார். ஏதோ பக்கத்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்க வரச் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அப்போதே சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி எடுத்துவிட்டேன்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். கம்பெனியில் அடுத்த கொன்ட்ராக்டுக்குப் பேர் கேட்கிறார்கள். இந்தத் தடவை கையெழுத்துப் போட்டால் நீளமான பயணம், வேறு பெரிய கப்பல், இடையில் லீவும் சொற்பம். போடாவிட்டால் நடப்பது முடிந்ததும் ஊருக்கு வந்துவிடலாம். நுவரெலியாவில் அவர் முன்பு வேலை செய்த ஹோட்டலில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். என்ன செய்ய என்று என்னைக் கேட்டார்.

"ஒங்க இஷ்டம்" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தையை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. வந்துவிடுங்கள் என்றுதான் நெஞ்சு முழுக்க இருந்தது. ஆனால் சொன்னால் அவர் வந்துவிடுவார், அதுதான் பயம். வந்த பிறகு மூன்று மாதம் விடாத தூறலில், கப்பல் காசில் கட்டத் தொடங்கிப் பூசி முடிக்காத சுவரைப் பார்த்துக்கொண்டு அவர் முகம் வாடினால், கூப்பிட்டவள் நான் ஆகிவிடுவேனே. அதனால் பந்தை அவர் பக்கமே தள்ளிவிட்டுக் கொண்டிருந்தேன். அவர், சரி, உன் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்கிறேன், போனில் நீ வாயைத் திறக்கமாட்டாய் என்றார்.

அது உண்மைதான். சண்டை பிடிக்க என் வாய்க்குத் துணைக்கு ஆள் வேண்டாம். ஆனால் "வாங்க" என்று ஒரு ஆளை மனசோடு கூப்பிட மட்டும் வராது. அந்தக் காலத்திலும் நான் அவரை வாயால் கூப்பிட்டவள் இல்லை, துணியால் கூப்பிட்டவள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள், லயம்; அந்தப் பக்கம் மலை ஏறினால் தேயிலை ஃபெக்டரி. நடுவில் பள்ளம். வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால், பிள்ளை அழுதால், எதிர் மலையில் வேலையில் நிற்கிறவர்களைக் கூப்பிட, லயத்துக்கு மேலே உள்ள தேயிலைச் செடிமேல் ஒரு துணியை விரிப்போம். மலை முழுக்க ஒரே பச்சை என்பதால் கைக்குட்டை விரித்தாலும் தெரியும். அந்தந்த வீட்டுத் துணி அந்தந்த வீட்டு ஆளுக்குத் தெரியும். துணி விரிந்திருந்தால் வா என்று அர்த்தம். இல்லையென்றால் அவரவர் வேலையைப் பார்க்கலாம். இப்போது எல்லோர் கையிலும் போன் இருந்தாலும், டவர் எடுக்காத பள்ளத்தில் இன்றைக்கும் துணிதான். பனி இறங்கிவிட்டால் மட்டும் துணி உதவாது. அப்போது மேட்டில் ஏறி நின்று அடிவயிற்றிலிருந்து கத்தவேண்டும். எங்கள் லயத்துப் பெண்கள் கத்தினால் தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்குக் கேட்கும்.

நான் கத்தியதில்லை. பள்ளிக்கூடம் முடித்துக் கொழுந்து பறிக்கப் போன அந்த இரண்டு வருடத்தில், எதிர் ஃபெக்டரியில் வேலை செய்த இவருக்காக, என் சடங்குக்கு மாமா வாங்கிக்கொடுத்த மஞ்சள் தாவணியை விரித்திருக்கிறேன். அது கிடந்தால் வீட்டில் யாரும் இல்லை, வரலாம் என்று அர்த்தம். ஃபெக்டரியின் ஏதோ ஒரு ஜன்னலில் நின்று பார்ப்பார். ஷிப்ட் முடிந்ததும் சரிவில் இறங்கி, ஆற்றைத் தாண்டி, இந்தப் பக்கம் ஏறி முக்கால் மணி நேரத்தில் மூச்சு வாங்க வந்து நிற்பார். பனி இறங்கிய நாளில் நான் கத்தமாட்டேன், அவரும் வரமாட்டார். மறுநாள் அவர் கோபப்பட, நான் அதைவிடக் கோபப்பட, சமமாகிவிடும்.

திருகோணமலைக்குப் போகப் பெட்டி அடுக்கும்போது அந்தத் தாவணியையும் வைத்தேன். விளையாட்டுக்குத்தான். தூரத்தில் அவர் வரும்போது விரித்துக் காட்டினால் சிரிப்பார் என்று நினைத்தேன். போனில் அதையும் சொல்லி வைத்தேன். வேறு என்ன கொண்டுவர என்று கேட்டதற்கு ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் என்றார். கப்பலில் எல்லா நாட்டுச் சாப்பாடும் இருக்கிறதாம், தேங்காய்ப்பூ போட்டுத் தடிப்பாய்ச் சுட்ட ரொட்டி மட்டும் இல்லையாம்.

முதல் நாளே புறப்பட்டு, கண்டியில் பஸ் மாறி, திருகோணமலையில் கோயிலுக்கு வருகிறவர்கள் தங்குகிற மடத்தில் இடம் கேட்டுப் படுத்தேன். அங்கே இருந்த அம்மா நான் பேசியதைக் கேட்டு, நீங்கள் மலைநாடோ என்று விசாரித்தார். நான் பாயைப் போட்டுக் கம்பளிச் சால்வையையும் எடுத்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தப் புழுக்கத்தில் சால்வை எதற்கென்று எனக்கும் தெரியவில்லை. வெளியூர் போனால் சால்வை எடுக்க வேண்டும் என்று கை பழகியிருந்தது.

காலையில் துறைமுக வாசலுக்குப் போனபோது கப்பல் வந்துவிட்டிருந்தது. வேலிக்கு அப்பால், தண்ணீரின் நடுவில், வெள்ளையாக நின்றது. அடுக்கடுக்காக, வரிசை வரிசையாக ஜன்னல். எதிர் மலை ஃபெக்டரியைத் தூக்கிக் கொண்டுவந்து தண்ணீரில் வைத்த மாதிரி எனக்குத் தெரிந்தது. என் ஆளைத் திரும்பவும் ஃபெக்டரிக்குள்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரிப்பும் வந்தது. கப்பலிலிருந்து சின்னப் படகுகளில் ஆட்கள் இறங்கி வந்தார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கார்ட். ஒவ்வொரு படகாகப் பார்த்தேன். ஓட்டோக்காரர்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். என்னையும் ஒருவர் கேட்டார். ஆளுக்குக் காத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"எறங்க முடியல புள்ள" என்றார். "எங்க துணி துவைக்கிற எடத்துல ரெண்டு பேருக்குக் காய்ச்சல், ஆள் பத்தல. சுப்பர்வைசர் பாஸைத் திருப்பி வாங்கிட்டான்."

நான் அந்தச் சுப்பர்வைசரையும் அவன் குடும்பத்தையும் திட்டினேன். கப்பலைத் திட்டினேன், கடலைத் திட்டினேன், காய்ச்சல் வந்த இரண்டு பேரையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. நான் ஓய்ந்த பிறகு, இன்றைக்கு இரவு ஷிப்ட் முடியுமுன் பேர் கொடுக்கவேண்டும், என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

இவ்வளவு தூரம் வந்தும், இவ்வளவு திட்டியும், என் வாயில் வந்தது அதே இரண்டு வார்த்தைதான்.

அவர் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "இதுக்குத்தான் ஒன் மொகத்தப் பாக்கணும்னேன்" என்றார். பிறகு, "அந்த மஞ்சத் தாவணி கொண்டாந்திருக்கேன்னியே? கப்பல் போறப்ப கோயில் மலைக்கு முன்னாலதான் போகுமாம். நான் எப்படியாச்சும் அஞ்சு நிமிஷம் மேல வாரேன். கோயில்கிட்ட நில்லு. துணிய விரிச்சிருந்தா வீட்டுக்கு வந்துர்றேன். இல்லேன்னா கையெழுத்துப் போட்டுர்றேன்."

சரி என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

அதன் பிறகு சாயங்காலம் வரை எனக்கு ஒரு வேலையும் இல்லை. இறங்கி வந்த வெளிநாட்டுக்காரர்கள் எங்கே போனார்களோ அங்கேயே நானும் போனேன். அவர்கள் கடற்கரைக்குப் போனார்கள்; நானும் போய் மணலில் உட்கார்ந்தேன். கோட்டை வாசலுக்குப் போனார்கள், நானும் போனேன். பழைய காலத்துக் கோட்டை, உள்ளே ராணுவ முகாம், அதன் ஊடாகத்தான் கோயிலுக்குப் பாதை. ஆலமரத்தடியில் மான்கள் ஆட்டுக்குட்டிகள் போலப் பயமில்லாமல் திரிந்தன. வெளிநாட்டுக்காரர்கள் மானைப் படம் எடுத்தார்கள். ஒரு மான் என் பையில் மூக்கை விட்டு, அவருக்காகச் சுட்ட ரொட்டியில் ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. அதைத் துரத்தக்கூட எனக்குத் தெம்பில்லை. சாப்பிட்டுத் தொலை என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். அவர்களில் நிறையப் பேர் தோளில் ஒரே மாதிரித் துண்டு. வெள்ளையில் நீலக் கோடு. கப்பல் துண்டு. அவர் படம் அனுப்பியிருக்கிறார்; அடுக்கி வைத்த துண்டுகளின் முன்னால் நின்று எடுத்த படம் அது. இவையெல்லாம் அவர் துவைத்தவை. அவர் கைபட்ட துண்டுகள் எல்லாம் கரைக்கு வந்து வெயில் காய்கின்றன, அவரை மட்டும் விடவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த அழுகையை நான் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நான் உட்கார்ந்திருந்த நீள மர வாங்கில் ஒரு வயசான வெள்ளைக்காரப் பெண் வந்து உட்கார்ந்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. துண்டைச் சுருட்டி நடுவில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். நான் அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு என்னை அறியாமலே எடுத்து விரித்து, மூன்றாக மடித்து, பாதியாக மடித்து, மடிப்பு உள்ளே போகும்படி வைத்தேன். வீட்டில் இருக்கிற இரண்டு மாதமும் அவர் எங்கள் வீட்டுத் துண்டுகளை அப்படித்தான் மடிப்பார். கப்பல் புத்தி போகாது உங்களுக்கு என்று நான் கேலி பண்ணுவேன். அந்த அம்மா ஆச்சரியமாகப் பார்த்து நன்றி சொன்னார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், என் புருஷன் கப்பலில் இருக்கிறார் என்று சொன்னேன். அவர் சுற்றிலும் திரும்பிப் பார்த்து எங்கே என்று கேட்டார். நான் கடல் பக்கம் கையைக் காட்டினேன். அவர் என் கையை ஒரு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

வெயில் சாய்ந்ததும் கோயில் மலை உச்சிக்கு ஏறினேன். அங்கேதான் என் புத்தி எவ்வளவு மலையகத்துப் புத்தி என்று தெரிந்தது.

கோயிலில் திருவிழாக் காலம். பாதை நெடுகக் கொடி. எல்லாம் மஞ்சள், சிவப்பு. பந்தலில் மஞ்சள் துணி. பாறை ஓரத்தில், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிற மரம் முழுக்க மஞ்சள் துணிகள். பொங்கல் வைக்க வந்த பெண்களில் பாதிப் பேர் மஞ்சள் சேலை. பையிலிருந்து தாவணியை எடுத்துப் பார்த்தேன், அந்தக் கூட்டத்தில் அது ஒரு கொடிக்குக்கூட ஈடாகவில்லை. மஞ்சள் என்றால் எங்கிருந்தும் தெரியும் என்று இத்தனை வருடம் நம்பியிருக்கிறேன். தெரிந்தது மஞ்சளால் இல்லை, சுற்றிலும் பச்சை இருந்ததால் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அவருக்கும் தோன்றியிருக்காது. இரண்டு பேரும் ஒரே மலைக்காரர்கள்தானே.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மெஷின் சத்தத்தில் கேட்காது. திரும்பத் திரும்பப் போட்டேன். தாவணியைப் பாறை விளிம்புக் கம்பியில் கட்டிப் பார்த்தேன், தள்ளி நின்று பார்த்தபோது எது என்னுடையது என்று எனக்கே ஒரு கணம் புரியவில்லை. அவிழ்த்துக்கொண்டு கீழே ஓடினேன். துணியே இல்லாத இடம் ஒன்று வேண்டும்.

கோட்டைக்குள் இறங்கும் வழியில், கடல் பக்கமாகப் பழைய கல் மதில் வெறுமையாக நீண்டு கிடந்தது. கறுத்த கல்லும் காய்ந்த புல்லும் தவிர ஒன்றும் இல்லை. குறுக்கே ஒரு கயிறு கட்டி, உள்ளே வரக்கூடாது என்று மூன்று மொழியிலும் பலகை வைத்திருந்தார்கள். மூன்று மொழியிலும் படித்துவிட்டுக் கயிற்றைத் தாண்டிப் போனேன்.

பத்தடி போகவில்லை, ஒரு சத்தம். துவக்கோடு ஒரு ராணுவப் பையன். பையன் என்றால் இருபத்தைந்து இருக்கும். சிங்களத்தில் திரும்பிப் போகச் சொன்னார். நான் அசையவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், தம்பி முறைக்கு மல்லி என்று கூப்பிட்டு, கொஞ்ச நேரம்தான், ஒரு துணியைக் காட்டவேண்டும் என்றேன். சொன்ன பிறகுதான், ராணுவ முகாமில் நின்று கடலுக்குத் துணி காட்டவேண்டும் என்று கேட்பது எப்படி இருக்கும் என்று உறைத்தது. அவர் முகம் மாறியது. எங்கிருந்து வருகிறாய், அடையாள அட்டை எங்கே என்றார்.

அட்டையை வாங்கிப் பார்த்தவர், லிந்துலையா என்று கேட்டார். அவருக்கு எங்கள் மலைப் பக்கத்துப் பட்டிப்பொலையாம். ஸ்டேஷனுக்கு மேலே உருளைக்கிழங்குத் தோட்டமாம். அங்கே இப்போது குளிரா என்று அவர் கேட்க, போன வாரம் புல்லில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடந்ததாம் என்று நான் சொன்னேன். அந்த வியர்வையில் நின்றுகொண்டு இரண்டு பேரும் சிறிது நேரம் குளிரைப் பற்றிப் பேசினோம். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். அரைகுறைச் சிங்களத்தில் சொன்னதால் சுற்றி வளைக்க முடியவில்லை. புருஷன் கப்பலில். துணி கண்டால் வருவார். காணாவிட்டால் வரமாட்டார்.

அவருக்கு அது புதுசாக இல்லை. ரயிலில் போகும்போது எங்கள் பக்கத்துத் தேயிலைச் செடிகள்மேல் துணி கிடப்பதைப் பார்த்திருக்கிறாராம். காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். கடைசியாக வீட்டுக்கு எப்போது போனீர்கள் என்று கேட்டேன். அட்டையை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு, பெரிய ஒஃபிசர் சுற்றி வரும் நேரம் இன்னும் ஆகவில்லை, சீக்கிரம் முடித்துவிடு என்றார். பையில் மிச்சமிருந்த ரொட்டியையும் சம்பலையும் அவரிடம் கொடுத்தேன். மரியாதைக்கு ஒன்று எடுப்பார் என்று நினைத்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

கப்பல் வந்தது. மலையின் மறைவிலிருந்து மெல்ல வெளியே வந்து, திறந்த கடலில் நீளமாகத் தெரிந்தது. நான் நினைத்ததைவிட தூரம். ஜன்னல்களில் விளக்குப் போட்டிருந்தார்கள். மேல்தட்டில் ஆட்கள் எறும்பு வரிசை போலத் தெரிந்தார்கள். அதில் அவர் யார் என்று எப்படிப் பார்ப்பது. எங்கள் மலையில் ஆளின் நடையை வைத்தே அந்தப் பக்கம் போவது யார் என்று சொல்லிவிடுவேன். இங்கே நடை இல்லை, முகம் இல்லை, ஒன்றுமே இல்லை.

தாவணியை விரித்தேன். மதிலில் போட்டால் காற்று சுருட்டியது. இரண்டு கையால் பிடித்தாலும் நடுவில் மடிந்து கயிறாகிவிட்டது. அந்தப் பட்டிப்பொலைக்காரர் துவக்கைத் தோளுக்கு மாற்றிவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து நின்றோம். என் சடங்குத் தாவணி அன்றைக்கு விரிந்த மாதிரி எந்தச் செடிமேலும் விரிந்ததில்லை. கப்பல் எங்களுக்கு நேராக வந்தது, தாண்டியது, போய்க்கொண்டே இருந்தது. கை வலித்தது. அவர் விடவில்லை, நானும் விடவில்லை.

போன் அடித்தது.

"எங்க நிக்கிற?" என்றார். காற்றுச் சத்தம். மேலேதான் நிற்கிறார். "கோயில் பக்கம் பூரா மஞ்சளா இருக்கு. எது ஒன்னோடதுன்னே தெரியல."

"கோயில்ல இல்லங்க. கோட்டைச் செவுத்துல நிக்கிறேன். இந்தப் பக்கம் பாருங்க."

"செவுரே தெரியல புள்ள. இருட்டுது. நான் கீழ போகணும்." குரல் விட்டு விட்டு வந்தது. "விரிச்சியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

விரித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது போதும். ஆனால் அதையும் சொன்னால் திரும்பவும் துணிதானே பேசியதாகும். இவ்வளவு நேரம் காற்றில் இழுத்துப் பிடித்து, அவர் கண்ணில் படாமலே போன துணி. லைன் கரகரத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அறுந்துவிடும் என்று தெரிந்தது. நான் தாவணியை விட்டேன். மதில் கல்லின்மேல் ஏறினேன். எங்கள் லயத்துப் பெண்கள் பனிக்குள் நின்று கத்துவது போல, போனை வாய்க்குக் கிட்ட வைத்து, கப்பலைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"வாங்க. வீட்டுக்கு வந்துருங்க."

மானெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. போனில் ஒன்றும் இல்லை. லைன் எப்போது போனது என்று தெரியவில்லை; நான் கத்தும் முன்னாலா, பிறகா. திரும்பப் போட்டேன், கிடைக்கவில்லை. கப்பல் வடக்கே திரும்பிச் சின்னதாகிக்கொண்டிருந்தது. பட்டிப்பொலைக்காரர் தாவணியைத் தரையிலிருந்து எடுத்துத் தூசி தட்டி, கையில் கொடுத்தார். சிங்களத்தில், கேட்டிருக்கும் அக்கா என்றார். பிறகு கயிறு வரை கூட வந்து விட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். கண்டி தாண்டி மலை ஏற ஏறக் குளிர்ந்தது. சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் டவர் வந்து வந்து போனது. போனைக் கையிலேயே வைத்திருந்தேன். தேயிலை தெரியத் தொடங்கிய பிறகுதான் செய்தி வந்து விழுந்தது.

முதலில் ஒரு படம். கடலுக்கு அப்பால் கோயில் மலை. உச்சி முழுக்க மஞ்சள் பூசிய மாதிரி ஒரு கலங்கல். நான் நின்ற மதில் அந்தப் படத்திலேயே இல்லை. ராணுவக்காரரோடு வழக்காடி, ரொட்டியைக் கொடுத்து, கை வலிக்க நின்ற இடம் அவர் கண்ணில் படவே இல்லை. படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: "கேட்டுச்சு. பேர் குடுக்கல."

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா ஏன் அழுகிறாய் என்று கேட்டார். வீட்டுக்காரர் வருகிறார் என்றேன். அதுக்கா அழுகிறாய் என்று அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

அன்றைக்கு அவருக்குக் கொன்ட்ராக்டில் இன்னும் ஐந்து மாதம் மிச்சம் இருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. கூப்பிட்டால் முக்கால் மணி நேரத்தில் வந்து நிற்கிற ஆளைத்தான் எனக்குப் பழக்கம். இப்போது மூன்று மாதம் போய்விட்டது. எந்தக் கடலில் எந்த ஊர்க்காரர் துண்டை மடிக்கிறாரோ. தாவணியைத் துவைத்து, லயத்துக்கு மேலே பழைய இடத்தில் விரித்திருக்கிறேன். மழை வந்தால் எடுப்பேன், விட்டால் திரும்ப விரிப்பேன். கப்பலுக்குத் தெரியுதா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறாள். தெரியாது என்று எனக்கும் தெரியும்.

கடை விட்டு வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் எதிர் மலை ஃபெக்டரியில் வரிசையாக விளக்குப் போடுவார்கள். அந்த ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சுற்றுமுற்றும் யாரும் இல்லாவிட்டால், மெதுவாக, "வாங்க" என்று சொல்லிப் பார்ப்பேன். வாய்க்கு இப்போதுதான் பழகி வருகிறது.